பழைய கப்பலை மூழ்கடிப்பது கடலோரப் பாதுகாப்பா? (எஸ்.எஸ். யுனைடெட் ஸ்டேட்ஸ், ஒரிஸ்கனி, நெடுந்தீவு பஸ்கள்)

கடலோரன் எழுதியது:

வணக்கம். எஸ்.எஸ். யுனைடெட் ஸ்டேட்ஸ் கப்பல் பற்றிய செய்திகளைத் தொடர்ந்து படித்து வருகிறேன். 1952-ல் தன் முதல் பயணத்திலேயே அட்லாண்டிக்கை மிக விரைவாகக் கடந்து சாதனை படைத்த பயணிகள் கப்பல். 990 அடி நீளம். 1969-ல் ஓட்டத்தை நிறுத்திவிட்டார்கள். 1996-லிருந்து பிலடெல்பியாவில் ஒரே துறையில் நின்றது. இடத்துக்காரரோடு வாடகை வழக்கு முற்றி, காலி செய்தே ஆக வேண்டும் என்ற நிலை வந்தபோது ஃப்ளோரிடாவின் ஒகலூசா கவுண்டி 10 லட்சம் டாலருக்கு வாங்கியது. 2025 பிப்ரவரியில் இழுவைக் கப்பல் கட்டி அழைத்துப்போய், மார்ச்சில் அலபாமாவின் மொபைல் துறைமுகத்தில் சேர்த்தார்கள். அங்கே சுத்தம் செய்து, டெஸ்டின் கரைக்கு அப்பால் மூழ்கடித்து, உலகிலேயே பெரிய செயற்கைப் பாராக (கடலடியில் மீன் ஒதுங்கும் பாறைத்திட்டு மாதிரி) ஆக்குவதுதான் திட்டம்.

இந்த மாதிரிச் செய்தி எதை எடுத்தாலும் "கடலோரப் பாதுகாப்பு" என்று ஒரு வரி வந்துவிடுகிறது. அந்த வரியில்தான் எனக்கு உடன்பாடு இல்லை.

பார் ஒரு கரையைக் காப்பது எப்படி? கரைக்குப் பக்கத்தில், ஆழம் குறைந்த இடத்தில் நீளமாகக் கிடப்பதால். பெரிய அலை அதில் மோதி உடைந்து, வேகம் செத்துத்தான் கரைக்கு வருகிறது. கப்பலை அப்படிப் போட முடியாது, போடவும் விடமாட்டார்கள். கரையிலிருந்து 20 கடல்மைலுக்கு அப்பால், சுமார் 180 அடி ஆழத்தில், மேலே மற்ற கப்பல்கள் தடையில்லாமல் போக இடம் விட்டுத்தான் இறக்குவார்கள். அங்கே கிடக்கும் இரும்பு டெஸ்டின் கடற்கரையில் ஒரு கைப்பிடி மணலைக்கூடப் பிடித்து வைக்காது.

மூழ்கடிப்பதற்கு நான் எதிரி இல்லை. மீன்பிடிக்கும் டைவிங் சுற்றுலாவுக்கும் செய்கிறோம் என்று சொன்னால் அதற்கான கணக்கைப் பேசலாம். பாதுகாப்பு என்று பெயர் சூட்டிவிட்டால் கேள்வி கேட்கிறவன் கடலுக்கு எதிரி ஆகிவிடுகிறான். இங்கே டைவர்கள், கப்பலில் வேலை பார்த்தவர்கள், கடல்தொழில் செய்கிறவர்கள் எல்லாரும் இருக்கிறீர்கள். உங்கள் கருத்தைக் கேட்க ஆசை.

---

மொபைல்பே தமிழன் எழுதியது:

கடலோரன் அண்ணே, நல்ல இழை. நான் இருப்பது அலபாமாவில். பக்கத்து ஃப்ளோரிடாவின் பென்சகோலாவுக்கு டைவிங் போகிற ஆள். அதனால் மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன்.

இந்தப் பக்கத்துக் கடலடி எப்படி இருக்கும் என்று தெரிந்தால்தான் இந்த ஊர்க்காரர்கள் ஏன் எதையாவது இறக்கிக்கொண்டே இருக்கிறார்கள் என்பது புரியும். வடக்கு மெக்சிகோ வளைகுடாவின் பெரும்பகுதி வெறும் மணல். மைல் கணக்கில் போனாலும் ஒரு மேடு கிடையாது. மீன் ஒதுங்க ஒரு பொந்து கிடையாது. 1953-லேயே ஆரஞ்சு பீச் பக்கத்து வாடகைப் படகுக்காரர்கள் 250 பழைய கார் கூடுகளைக் கொண்டுபோய்ப் போட்டார்கள். 1970-களில் இரண்டாம் உலகப்போர்க் காலத்து லிபர்டி என்ற சரக்குக் கப்பல்கள் ஐந்தை அலபாமா மாநிலமே மூழ்கடித்தது. 90-களில் ராணுவ டாங்குகள் போயின. அவ்வளவு சின்னக் கடற்கரை வைத்திருக்கிற மாநிலத்தில் ரெட் ஸ்னாப்பர் மீனுக்கான தூண்டில் தொழில் இவ்வளவு பெரிசாக நடப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஒரிஸ்கனியைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. கொரியா, வியட்நாம் போர்களில் இருந்த விமானந்தாங்கி. 2006 மே 17 அன்று பென்சகோலாவுக்குத் தெற்கே மூழ்கடித்தார்கள். வெடி வைத்த 37 நிமிடத்தில் பின்பக்கமாக இறங்கி, 212 அடி ஆழத்தில் நேராகவே உட்கார்ந்தது. கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கும்போது முதலில் நீலம் மட்டும்தான் தெரியும். 80 அடிப் பக்கம் போனதும் கோபுரத்தின் உச்சி திடீரென்று கண்முன்னே நிற்கும். கம்பி தெரியாது, இரும்பு தெரியாது. எல்லாவற்றின் மேலும் சிப்பி, கடற்பஞ்சு, பாசி. இடுக்குக்குள்ளே கை அகலத்துக்கு ஒரு சின்ன மீன் ஒளிந்துகொண்டு நம்மையே பார்க்கும். வெளியே சீலா மீன்கள் அசையாமல் தொங்கும். விமானம் ஓடிய தளம் இன்னும் கீழே. 2008-ல் வந்த குஸ்டாவ் புயலில் கப்பல் மண்ணுக்குள் இன்னும் பத்தடி அமுங்கியதால் அந்தத் தளம் இப்போது 145 அடியில். பொழுதுபோக்கு டைவர்களின் எல்லை 130 அடி. நான் தளம் வரைக்கும் போவதில்லை.

வெற்று மணலாக இருந்த இடம் இது. அங்கே இவ்வளவு உயிரைப் பார்த்த பிறகு "இது வெறும் குப்பை கொட்டுவது" என்று யாராவது சொன்னால் எனக்கு மனசு ஒப்பாது.

---

நங்கூரம்68 எழுதியது:

நான் கப்பலில் எஞ்சின் ரூமில் இருந்து ஓய்வு பெற்றவன். தம்பி மொபைல்பே சொன்னது எல்லாம் சரி. ஆனால் அந்தக் கப்பல் தண்ணிக்குள்ளே போவதற்கு முன்னால் என்ன நடந்தது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். விஷயமே அங்கேதான் இருக்கிறது.

பழைய போர்க்கப்பல் என்றால் இரும்பு மட்டும் இல்லை. பாய்லர், நீராவிக் குழாய் எல்லாவற்றிலும் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) சுற்றியிருக்கும். பெயின்ட்டில் ஈயம். அடிப்பகுதியில் சிப்பி ஒட்டாமல் இருக்க அடித்த விஷப் பூச்சு. டேங்குகளில் ஃபர்னஸ் ஆயில் கசடு தார் மாதிரி ஒட்டிக்கொண்டு கிடக்கும். எல்லாவற்றுக்கும் மேலே பிசிபி என்ற நச்சு வேதிப்பொருள். டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெயில் இருந்தால் வடித்துவிடலாம். கப்பலில் அது கேபிள் உறைக்குள்ளே, கேஸ்கெட்டில், ஃபெல்ட்டில், ரப்பர் மவுண்ட்டில் ஊறிப்போய் இருக்கும். ஒரு பெரிய கப்பலில் கேபிள் எத்தனை மைல் ஓடுகிறது என்று நினைத்துப் பாருங்கள். அது சுவருக்குச் சுவர் துளைத்துக்கொண்டு போகும். ஒவ்வொரு துளையிலும் நீர் புகாதபடி ஒரு பசை அடைப்பு. கேபிளை உருவ வேண்டும் என்றால் அந்த அடைப்பை ஒவ்வொன்றாகக் குடைந்து எடுக்கணும். ஆள் நிமிர முடியாத இடத்தில், மாஸ்க் போட்டுக்கொண்டு செய்கிற வேலை.

அதனால்தான் செலவு. ஒரிஸ்கனிக்கு 2 கோடி டாலருக்கு மேல் ஆனது. 1995-ல் உடைக்க விற்றார்கள், வாங்கியவர் முடிக்கவில்லை, கடற்படை திரும்ப எடுத்துக்கொண்டது. பிறகுதான் பார் யோசனை. அவ்வளவு செலவழித்தும் கேபிள் உறையில் இருந்த பிசிபி எல்லாவற்றையும் எடுக்கவில்லை. சுமார் 700 பவுண்டு உள்ளேயே இருக்க, ஆபத்து குறைவு என்று கணக்குப் போட்டு அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை அனுமதி கொடுத்தது. பிறகு ஃப்ளோரிடா மாநிலத்தார் அங்கே மீன் பிடித்துச் சோதித்தபோது ஆரம்ப வருஷங்களில் பிசிபி எதிர்பார்த்ததை விட அதிகமாக இருந்தது, போகப்போகக் குறைந்தது. இதை வைத்து 2011-ல் பேசல் ஆக்‌ஷன் நெட்வொர்க்கும் சியரா கிளப்பும் என்ற சுற்றுச்சூழல் அமைப்புகள், கடற்படை பயிற்சிக்காகக் கப்பல்களைச் சுட்டு மூழ்கடிப்பதை எதிர்த்து வழக்கே போட்டார்கள்.

போகப்போகக் குறைந்தது நல்லதுதான். ஆனால் அந்த முதல் சில வருஷத்து மீனை யாரோ சாப்பிட்டிருக்கிறார்கள்.

---

நங்கூரம்68 எழுதியது:

இன்னொன்று விட்டுப்போச்சு. மூழ்கடிப்பது என்பது சொன்னபடி கேட்கிற வேலை இல்லை. 2002-ல் ஃப்ளோரிடாவின் கீ லார்கோவுக்கு அப்பால் ஸ்பீகல் குரோவ் என்ற கப்பலை இறக்கத் தயார் பண்ணிக்கொண்டு இருக்கும்போதே அது முன்கூட்டியே சரிந்து தலைகீழாகக் கவிழ்ந்தது. மூக்கு தண்ணிக்கு மேலே நீட்டிக்கொண்டு நின்றது. சில வாரம் கழித்துக் காற்றுப் பை, இழுவைக் கப்பல் எல்லாம் வைத்து முழுசாக மூழ்க வைத்தார்கள், ஆனால் பக்கவாட்டில்தான் படுத்தது. 2005-ல் டென்னிஸ் புயல் வந்து அதைப் புரட்டி நேராக நிமிர்த்திவிட்டது! 510 அடிக் கப்பல். 130 அடி ஆழம். அங்கே இருப்பதையே புயல் புரட்டுகிறது என்றால், ஆழம் கம்மியான இடத்தில் லேசான பொருளைப் போடுகிறவர்கள் ரெண்டு தடவை யோசிக்கணும்.

அதே மாதிரி, கலிபோர்னியாவின் சான் டியேகோவில் யூகான் என்ற கனடாக் கப்பல் 2000-ல் நாள் குறித்ததற்கு முந்தின இரவே தண்ணி புகுந்து போய்விட்டது. அதுவும் பக்கவாட்டில்தான் கிடக்கிறது. டைவர் நுழைய வெட்டி வைத்த வழி எல்லாம் மேலும் கீழுமாகிவிட்டது.

---

பேசாலையான் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். நான் மன்னார். கடற்றொழில் குடும்பம்.

"லேசான பொருள்" எண்டு நங்கூரம் ஐயா சொன்னதும் எனக்கு எங்கட பஸ் கதைதான் நினைவு வந்தது. 2021 ஜூனில் இலங்கைப் போக்குவரத்துச் சபையின் பழைய பஸ் கூடுகளைக் கப்பலில் ஏற்றிக் கொண்டுபோய் நெடுந்தீவுக் கடலில் இறக்கினவை. மீன் பெருகும் எண்டு கடற்றொழில் அமைச்சு சொன்னது. அப்ப டக்ளஸ் தேவானந்தா அமைச்சர். எஞ்சின், சில்லு எல்லாம் கழற்றின வெறும் கூடுகள். ராமேஸ்வரம் பக்க மீனவர்கள் வலை கிழியும், படகுக்கு ஆபத்து எண்டு போராட்டம் செய்தவை.

அதே கிழமைகளில்தான் நீர்கொழும்புக்கு அப்பால் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிஞ்சு தாண்டது. ஒரு பக்கம் கரை முழுக்கப் பிளாஸ்டிக் குருணி. மற்றப் பக்கம் நாங்களாகவே பஸ் இறக்கிறம். எங்கட வீட்டில் அப்ப இதைத்தான் கதைச்சுக்கொண்டிருந்தம்.

ஒரு விசயத்தை ஒளிக்காமல் சொல்ல வேணும். எங்கட கரையில் பலருக்கு அந்தத் திட்டத்தில் விருப்பம் இருந்தது. மீன் பெருகும் எண்ட நம்பிக்கையில் மட்டும் இல்லை. இழுவை மடி வந்து அடியைச் சுரண்டிக்கொண்டு போகாமல் ஒரு தடை கிடக்கட்டும் எண்ட எண்ணம். இலங்கையில் 2017-ல் இழுவை மடியைச் சட்டத்தால் தடை செய்தாச்சு. ஆனால் இரவில வாற படகுகளை எந்தச் சட்டம் நிப்பாட்டினது? எங்கட வலையை அறுத்துக்கொண்டு போனால் ஒரு குடும்பத்தின்ர முதல் முழுக்க அண்டைக்கே போச்சு.

ஆனாலும் தகரத்தை நம்பிப் பிரயோசனம் இல்லை எண்டதுதான் என்ர கருத்து. பாக்கு நீரிணை ஆழம் குறைஞ்ச கடல். சோளகம் (தென்மேற்குக் காற்று) கிளம்பினால் அடி மண்ணே கலங்கி மேலே வரும். உப்புத் தண்ணிக்குள் பஸ் தகரம் எவ்வளவு காலம் நிக்கும்? அது கிழிஞ்ச பிறகு இழுவை மடியை மட்டுமா பிடிக்கும், எங்கட வலையையும்தான் பிடிக்கும். வலை ஒருக்கா இரும்பில கொழுவினால் எடுக்கேலாது, அறுத்துவிட்டுத்தான் வர வேணும். அறுத்த துண்டு நைலோன், உக்காது. கீழே கிடந்து நண்டும் மீனும் பிடிச்சுக்கொண்டே இருக்கும். அதை இழுத்து எடுக்க ஒருத்தரும் வரப்போறதில்லை.

---

மொபைல்பே தமிழன் எழுதியது:

பேசாலையான் அண்ணா, உங்கள் கேள்விக்கு இங்கேயே பதில் கிடைத்திருக்கிறது. நியூயார்க் சுரங்க ரயில் பெட்டிகள். 2001-லிருந்து சுமார் பத்து வருஷம், ரெண்டாயிரத்துக்கும் மேலான பெட்டிகளை டெலவேர், நியூ ஜெர்சி, தெற்கே ஜார்ஜியா வரைக்கும் கடலில் இறக்கினார்கள். முதலில் போனவை ரெட்பேர்ட் என்ற பழைய கனமான பெட்டிகள். அவை நன்றாகவே தாங்கின. அடுத்து வந்தது மெல்லிய ஸ்டெயின்லெஸ் தகடு போர்த்திய பெட்டி. ஸ்டெயின்லெஸ் ஆச்சே, இன்னும் நன்றாக நிற்கும் என்று எதிர்பார்த்தார்கள். சில மாதங்களிலேயே தகடு பிரிந்து, கூரை சரிந்து விழ ஆரம்பித்தது. நியூ ஜெர்சி அதற்குப் பிறகு வாங்குவதை நிறுத்தியது.

பஸ் அதை விட மெல்லிசு.

டயர் கதை இன்னும் மோசம். ஃப்ளோரிடாவின் ஃபோர்ட் லாடர்டேலுக்கு அப்பால் 1970-களின் தொடக்கத்தில் ஓஸ்போர்ன் பார் என்று 20 லட்சம் பழைய டயர்களைக் கட்டுக் கட்டாக இறக்கினார்கள். கட்டிய கம்பி துருப்பிடித்து அறுந்ததும் டயர்கள் உருண்டு போய்ப் பக்கத்திலிருந்த உண்மையான பவளப் பாரை இடித்துத் தேய்த்தன. 2007-க்குப் பிறகு ராணுவ முக்குளிப்பாளர்களை வைத்து எடுக்க ஆரம்பித்து, இன்னும் தீரவில்லை. அன்றைக்கு அதையும் பாதுகாப்புத் திட்டம் என்றுதான் கைதட்டித் தொடங்கினார்கள். கடலோரன் அண்ணன் அந்தச் சொல்லைப் பார்த்துப் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. அதை நான் மறுக்கவில்லை.

---

அலையாத்தி எழுதியது:

கடல் உயிரியலில் ஆய்வு மாணவி. இரண்டு விஷயம் சேர்க்கிறேன்.

முதலாவது, "மீன் பெருகியது" என்று சொல்வதில் இருக்கும் சிக்கல். ஒரு கப்பலைச் சுற்றி ஆயிரம் மீன் நிற்கிறது என்றால் அந்த ஆயிரமும் அங்கே புதிதாகப் பிறந்து வளர்ந்ததா, அல்லது சுற்றுவட்டாரத்தில் சிதறிக்கிடந்தவை ஒரே இடத்தில் வந்து கூடியதா? அமெரிக்க மீன்வள ஆய்வாளர் ஜேம்ஸ் போன்சாக் 1989-லேயே இதைத் தெளிவாக எழுப்பினார். இன்றுவரை முற்றாகத் தீராத விவாதம். விடை இனத்துக்கு இனம் மாறும். ஒளிந்து வாழும் இடம் இல்லாததாலேயே எண்ணிக்கை குறைவாக இருக்கும் களவா மாதிரியான மீனுக்குப் புதுப் பொந்து உண்மையிலேயே உதவும். ஏற்கெனவே அளவுக்கு மீறிப் பிடித்ததால் குறைந்துபோன மீனுக்கு உதவாது. அதற்குப் பொந்து பஞ்சமில்லை, தாய்மீன்தான் பஞ்சம். இருப்பவற்றையும் ஒரே இடத்தில் சேர்த்து வைத்து, அந்த இடத்தை வரைபடத்தில் குறித்துக் கொடுத்தால் கடைசி மீனையும் எளிதாகப் பிடித்துவிடலாம். தமிழ்நாட்டுக் கரையில் சவுக்குக் கிளையையும் தென்னை ஓலையையும் கட்டி இறக்கிக் கணவாய் பிடிப்பவர்களைக் கேளுங்கள். மீனை வரவைப்பது எப்படி என்று அவர்களுக்கு நன்றாகவே தெரியும். மீனைப் பெருக்குகிறோம் என்று அவர்கள் யாரும் சொல்வதில்லை.

ஆகவே கப்பல் பாதுகாப்பு ஆக வேண்டும் என்றால் அதைச் சுற்றி மீன்பிடிக்கத் தடை இருக்க வேண்டும். தூண்டில்காரர்களுக்காகவே இறக்கும் கப்பலில் அதை யாரும் செய்யமாட்டார்கள்.

இரண்டாவது, இரும்பு. பசிபிக் நடுவில் பால்மைரா என்ற பவளத்தீவு இருக்கிறது. மனிதக் குடியிருப்பு இல்லை. 1991-ல் ஒரு தைவான் மீன்பிடிக் கப்பல் அங்கே பாரில் ஏறி உடைந்தது. பெரிய கப்பல்கூட இல்லை. அதிலிருந்து தொடங்கி, பவளத்துக்கு உறவான ஆனால் சுண்ணாம்புக் கூடு கட்டாத ஒரு உயிரி கம்பளம் விரித்தது போலப் பரவி, உயிருள்ள பவளத்தை மூடிக் கொன்றது. அந்தக் கடலில் இரும்புச் சத்து மிகக் குறைவு. துருவிலிருந்து கரைந்த இரும்புதான் அந்தப் பரவலைத் தூண்டியிருக்கும் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். கப்பலை நெருங்க நெருங்க அந்த உயிரியின் அடர்த்தி கூடியது. கடைசியில் 2013-14-ல் ஆட்களை அனுப்பிக் கப்பலைத் துண்டு துண்டாக வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று.

மிசிசிப்பி மாதிரி ஒரு பெரிய ஆறு வண்டலைக் கொண்டுவந்து கொட்டும் வளைகுடாவில் இதே பயம் அந்த அளவுக்கு இல்லை. அதனால் பால்மைராவைக் காட்டி ஒரிஸ்கனியைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் லட்சத்தீவு மாதிரித் தெளிந்த நீர்ப் பவளத்தீவுக்குப் பக்கத்தில் இரும்புக் கப்பலை இறக்கலாம் என்று யாராவது கிளம்பினால் முதல் ஆளாக எதிர்ப்பேன்.

---

முத்துநகர் எழுதியது:

கடலோரன் அண்ணாச்சி கேட்ட "கரையைக் காக்குற பார்" எங்க ஊர்லயே இருக்கு. வான் தீவு.

தூத்துக்குடிக்குப் பக்கத்துல, மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவுல இருக்குற 21 தீவுல ஒண்ணு. 1986-ல 16 ஹெக்டேர் இருந்துச்சு. 2014 வாக்குல 2 ஹெக்டேருக்கு வந்துருச்சு. காரணம் ரொம்ப வருஷமா பவளப் பாரை வெட்டி எடுத்தது. சுண்ணாம்புக்கும் கட்டுமானத்துக்கும் படகு படகா போச்சு. பார் போனதும் அலை நேரா தீவுல அடிச்சு மண்ணைக் கரைச்சுட்டுப் போயிருச்சு. ஏற்கெனவே பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லின்னு ரெண்டு தீவு தண்ணிக்குள்ள போயிருச்சு. வானும் அந்த வரிசையில நின்னுச்சு.

2015 கடைசியில இருந்து தூத்துக்குடியில உள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனமும் அரசும் சேர்ந்து, ஓட்டை வச்ச கான்கிரீட் அமைப்புகளைத் தீவோட கடல் பக்கம் வளைச்சு இறக்குனாங்க. மொத்தம் பத்தாயிரத்துக்கு மேல. ஒவ்வொண்ணும் மேல குறுகி கீழ அகன்று இருக்கும், ஓட்டை வழியா தண்ணி போகும். அலை முழுசா முட்டித் திரும்பாது, உள்ள புகுந்து தளர்ந்து வரும். அதுக்குப் பின்னால மண்ணு தங்க ஆரம்பிச்சு, தீவு மறுபடி கொஞ்சம் பரப்பு கூடுச்சு. கான்கிரீட்டு மேல பவளம் ஒட்டி வளருது, கடல்புல்லும் நட்டிருக்காங்க.

ஆழம் நாலஞ்சு ஆள் உயரம்கூட இருக்காது. பார்க்க வர டைவர் கிடையாது, வெடி வச்சு மூழ்கடிக்கிற வீடியோவும் கிடையாது. அதனாலதான் இதைப் பத்தி வெளிய யாரும் பேச மாட்டேங்குறாங்க.

---

இரும்புக்கடை எழுதியது:

எல்லாரும் கடலைப் பற்றியே பேசுகிறீர்கள். இரும்பைப் பற்றியும் கொஞ்சம். ஆயிரக்கணக்கான டன் நல்ல எஃகு, செம்பு, பித்தளை. உருக்கினால் அத்தனையும் திரும்ப வரும். அந்த அளவுக்கு சுரங்கம் தோண்டுவது மிச்சம். ஐ.என்.எஸ். விராட் விமானந்தாங்கி குஜராத்தின் ஆலங் கப்பல் உடைப்புத் தளத்தில்தான் உடைபட்டது. பழைய விக்ராந்த்தும் மும்பையில் உடைபட்டது. அருங்காட்சியகம் ஆக்கவில்லையே என்று வருத்தப்பட்டவர்கள் உண்டு. ஆனால் இரும்பு வீணாகவில்லை.

---

நங்கூரம்68 எழுதியது:

இரும்புக்கடை தம்பி, உண்மை. ஆனால் ஆலங் கரையில் அதை வெட்டுகிறவன் கல்நார் தூசியைச் சுவாசித்துத்தான் வெட்டுகிறான். உடைப்பது தானாகவே சுத்தமான வழி ஆகிவிடாது. ஒழுங்கான உலர்துறையில், பாதுகாப்போடு உடைத்தால் நீங்கள் சொல்வதே முதல் வழி என்பேன்.

யாரும் ஏற்க மறுத்தால் என்ன ஆகும் என்பதற்கு பிரேசிலின் சாவோ பாவ்லோ. பிரான்சிடமிருந்து வாங்கிய விமானந்தாங்கி. துருக்கியில் உடைக்க அனுப்பினார்கள், கல்நாரைக் காரணம் காட்டித் துருக்கி பாதி வழியில் மறுத்துவிட்டது. திரும்பி வந்தால் சொந்த நாட்டுத் துறைமுகமே உள்ளே விடவில்லை. மாதக் கணக்காகக் கடலிலேயே இழுபட்டு, 2023 பிப்ரவரியில் கரையிலிருந்து 350 கிலோமீட்டர் தள்ளி, சுமார் 5,000 மீட்டர் ஆழத்தில் மூழ்கடித்தார்கள். அவர்கள் சுற்றுச்சூழல் அமைச்சகமே எதிர்த்தது. அதை யாரும் பார் என்று சொல்லவில்லை, அந்த மட்டுக்கு நேர்மை.

---

மொபைல்பே தமிழன் எழுதியது:

சுத்தம் செய்யும் விஷயத்தில் மக்கள் தலையிட்டால் என்ன மாறும் என்பதற்கு ஆஸ்திரேலியாவின் அடிலெய்ட் போர்க்கப்பல் நல்ல உதாரணம். சிட்னிக்கு வடக்கே அவோகா கடற்கரைக்கு அப்பால் 2010 மார்ச்சில் மூழ்கடிக்க நாள் குறித்தாகிவிட்டது. கரைவாசிகள் சேர்ந்து தீர்ப்பாயத்துக்குப் போய் நிறுத்தினார்கள். கப்பலில் இன்னும் கேபிள் இருக்கிறது, ஈயப் பூச்சு உரிகிறது என்பது அவர்கள் வாதம். தீர்ப்பாயம் மூழ்கடிக்கவே கூடாது என்று சொல்லவில்லை. ஆனால் மிச்சக் கேபிளையும் உரிந்து நின்ற பூச்சையும் எடுத்த பிறகுதான் இறக்கலாம் என்றது. ஒரு வருஷம் தள்ளி 2011 ஏப்ரல் 13-ல் இறக்கினார்கள். அன்றைக்கும் டால்பின் கூட்டம் ஒன்று குறுக்கே வந்ததால் அது விலகும்வரை காத்திருந்தார்கள்.

அலையாத்தி, நீங்கள் சொன்னதோடு லயன்ஃபிஷையும் சேர்க்க வேண்டும். இந்தோ-பசிபிக் மீன், இங்கே அந்நியம். எதிரி இல்லாததால் குட்டி மீன்களைத் தின்றே தீர்க்கிறது. இந்தப் பக்கம் இயற்கைப் பாரை விடச் செயற்கைப் பாரில்தான் அதிகம். ஈட்டி எடுத்துக்கொண்டு இறங்கினால் கப்பலின் ஒரே மூலையில் வரிசையாகத் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருக்கும். டைவர்கள் போட்டி வைத்துக் குத்தி எடுக்கிறார்கள். கப்பல் இல்லாவிட்டாலும் அது வந்திருக்கும். ஆனால் அதற்கு வீடு கட்டிக் கொடுத்தது நாம்தான்.

இவ்வளவும் தெரிந்தும் நான் ஒரிஸ்கனி பக்கம்தான் நிற்கிறேன். கீ லார்கோவில் ஸ்பீகல் குரோவ் வந்த பிறகு பக்கத்து இயற்கைப் பவளப் பாருக்குப் போகும் டைவர் கூட்டம் குறைந்ததாக ஓர் ஆய்வு காட்டியது. பவளத்தில் டைவரின் கால்துடுப்பு இடித்து உடைகிற இடத்தில் இருப்பவருக்கு அதன் மதிப்பு தெரியும். அதையாவது பாதுகாப்பு என்று ஒத்துக்கொள்வீர்களா அண்ணே?

---

கடலோரன் எழுதியது:

ஒத்துக்கொள்கிறேன் தம்பி. பவளப் பாருக்கு டைவர் கூட்டம் அதிகமாகி நோகும் இடத்தில், அதன் சுமையை இறக்கிவைக்க ஒரு கப்பல் உதவும். அது கணக்குக் காட்டக்கூடிய நன்மை. வெறும் மணலில் களவாவுக்குப் பொந்து கிடைப்பதும் நன்மை. என் சண்டை அளந்து பார்க்காமல் எல்லா நன்மையையும் ஒரே சொல்லில் அடைப்பதோடுதான். வான் தீவில் அளந்தார்கள், தீவு எத்தனை ஹெக்டேர் என்று இன்றும் கேட்டால் பதில் இருக்கிறது. நெடுந்தீவு பஸ்களை இறக்கிய பிறகு போய் அளந்து மக்களுக்குச் சொல்வது இறக்கியவர்கள் கடமை.

பேசாலையான் தம்பிக்கு: நான் நாகப்பட்டினத்துக்காரன். எங்கள் ஊர் விசைப்படகுகள் உங்கள் கரையில் என்ன செய்கின்றன என்பது இங்கே எல்லாருக்கும் தெரியும். உங்கள் வலை அறுபடாமல் இருக்க அடியில் தடை போடுவதைத் தவிர வேறு வழி இல்லை என்று நீங்கள் நினைக்கும்படி விட்டதில் எங்கள் பக்கத்துக்குப் பெரும் பங்கு உண்டு. இழுவை மடி நிற்காத கடலில் பாருக்குச் செலவழிப்பது வீண். அதைப் பற்றித் தனியாக ஓர் இழை தொடங்குகிறேன், கட்டாயம் வாருங்கள்.

இப்போது நம் நாட்டிலும் இது வருகிறது. 2024 ஜனவரியில் போர்ட் பிளேரில் ஓய்வு பெற்ற ஐ.என்.எஸ். குல்தார் கப்பலை மகாராஷ்டிரச் சுற்றுலாக் கழகத்திடம் கொடுத்திருக்கிறார்கள். சிந்துதுர்க் மாவட்டத்தில் நிவதி பாறைகளுக்குப் பக்கத்தில் மூழ்கடித்து, நீருக்கடியில் அருங்காட்சியகமும் செயற்கைப் பாரும் ஆக்குவது திட்டம். போலந்தில் கட்டி 1985-ல் படையில் சேர்ந்த, 84 மீட்டர் நீளமுள்ள தரையிறங்கு கப்பல். 2018-ல் ஐ.என்.எஸ். கடலூரைப் புதுச்சேரிக்கு அப்பால் இறக்கலாம் என்று பேச்சு வந்தது நினைவிருக்கும். ஆகவே இது இனி அமெரிக்கக் கதை இல்லை. நங்கூரம் ஐயா, அந்த மாதிரிக் கப்பலில் எதைப் பார்க்க வேண்டும், எதைக் கேட்க வேண்டும்?

---

நங்கூரம்68 எழுதியது:

84 மீட்டர், ஆயிரத்துச் சொச்சம் டன். ஒரிஸ்கனியோடு ஒப்பிட்டால் குட்டி. நல்லவிதமாகச் சுத்தம் செய்யக்கூடிய அளவு. டாங்கி இறக்குகிற கப்பல் என்பதால் நடுவில் பெரிய கூடம் இருக்கும், டைவர் நுழைந்து வெளியே வர வசதி. அந்த வகையில் நல்ல தேர்வு என்றே சொல்வேன்.

கேட்க வேண்டியது: கேபிள் முழுசாக உருவியாகிவிட்டதா, இல்லை முனையை மட்டும் வெட்டி விட்டார்களா? எண்ணெய் டேங்க் ஒவ்வொன்றிலும் ஆள் இறங்கித் துடைத்த பிறகு வாயு சோதித்த சான்றிதழ் உண்டா? 80-களில் கட்டிய கப்பலில் கல்நார் எங்கெங்கே இருக்கிறது என்ற பட்டியல் எங்கே? கதவு எல்லாம் கழற்றியாச்சா? பாதி மூடிய கதவுதான் உள்ளே போன டைவரைக் கொல்லும். உட்காரும் இடத்தில் மண் சோதனை செய்தார்களா, தென்மேற்குப் பருவக் காற்றில் அந்த ஆழத்தில் அடியலை எவ்வளவு வேகம்? இடத்தை அளந்து கடல் வரைபடத்தில் குறித்து, உள்ளூர் மீனவர் சங்கத்துக்கு அவர்கள் மொழியில் கொடுப்பார்களா? பேசாலைத் தம்பி சொன்ன வலைக் கதை நிவதியிலும் நடக்கும்.

இதெல்லாம் ரகசியம் இல்லை. அமெரிக்காவில் கப்பலைப் பாராக்கும்போது என்னென்ன எடுக்க வேண்டும் என்று 2006-லேயே வழிகாட்டி வெளியிட்டுவிட்டார்கள். அதை வைத்து ஒவ்வொரு வரியாகக் கேட்கலாம்.

---

அலையாத்தி எழுதியது:

ஐயாவின் கேள்விகளோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள்: மூழ்கடிப்பதற்கு முன்பே அந்த இடத்து மீன், அடிமண், தண்ணீர் மூன்றையும் எடுத்து ஆய்வு செய்து வைக்க வேண்டும். பக்கத்தில் கப்பல் இறக்காத ஓர் இடத்திலும் அதையே செய்ய வேண்டும். பிறகு வருஷா வருஷம் இரண்டையும் ஒப்பிட வேண்டும். முன்னால் எடுக்காமல் விட்டதைப் பின்னால் எந்தப் பணத்தைக் கொட்டினாலும் எடுக்க முடியாது.

---

கடலோரன் எழுதியது:

மொத்தக் கேள்விகளையும் சேர்த்துத் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனுவாக எழுதுகிறேன். மகாராஷ்டிர அரசுக்கு மராத்தியில் அனுப்பினால் பதில் சீக்கிரம் வரும். இங்கே மராத்தி எழுதத் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் தனிச்செய்தி அனுப்புங்கள்.

---

இரும்புக்கடை எழுதியது:

நான் புனேயில்தான் இருக்கிறேன். வரைவை அனுப்புங்கள், மொழிபெயர்த்துத் தருகிறேன்.